மூச்சுத்துளை

குழாயின் ஒரு முனையை உதட்டில் வைத்து ஊதுகிறேன், மறுமுனையை உள்ளங்கையால் பொத்தியிருக்கிறேன், போக்கிடம் தெரியாமல் உள்ளே தடுமாறும் மூச்சு நடுவில் இருக்கும் ஊசித்துளையைக் கண்டுபிடித்து வெளியே வருகிறது, மணிக்கட்டில் படுகிறது, இளஞ்சூடாக, என்னுடைய மூச்சுத்தான், ஆனாலும் பக்கத்தில் யாரோ நின்று மூச்சு விடுகிற மாதிரிதான் ஒவ்வொரு முறையும் இருக்கிறது, என்ன நாகஸ்வரக் கச்சேரியா, ஊதுனதையே ஊதிட்டு இருக்க என்று பெயிண்ட் அறையிலிருந்து ஷகிலா கேட்கிறாள், அவளும் நானும் சேர்ந்துதான் இந்தப் பட்டறையை நடத்துகிறோம், நான் குழாய்களை இணைத்துச் சட்டம் கட்டுவேன், அவள் வண்ணம் பூசுவாள், கையால் செய்கிற சைக்கிளுக்கு எங்கள் இருவரைத் தவிரக் கோயம்புத்தூரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வாள், நான் மறுப்பதில்லை, எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இடது குழாய்க்குத் துளை போட்டு மூச்சும் பார்த்தாயிற்று, வலது குழாய் நாலு நாளாக மேசையில் அப்படியே கிடக்கிறது, பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறேன், துளைக்கருவியை எடுக்கிறேன், வைக்கிறேன், மறுபடி இடது குழாயை எடுத்து ஊதுகிறேன். இது அக்காவுடைய சைக்கிள்.

பதின்மூன்று வருடமாகச் சைக்கிள் என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள் போன மாதம் திடீரென்று பட்டறை வாசலில் வந்து நின்றாள், கழுத்தில் விசில், வலது காலை ஒரு சுருதி குறைவாக ஊன்றுகிற அதே நடை, தொண்டாமுத்தூர் பக்கம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவள், பரிமளம் டீச்சர் என்றால் அந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், பதினொன்றாம் வகுப்புக்கு அரசாங்கச் சைக்கிள் வந்து இறங்கியதாம், ஒவ்வொன்றாக பிரேக், செயின் எல்லாம் சரிபார்த்துக் கொடுப்பது இவள் வேலையாம், ஒரு பொண்ணு கேட்டுது அம்முணி, டீச்சர் உங்களுக்கு ஓட்டத் தெரியுமான்னு, தெரியாதுன்னு சொல்லப்போனேன், வாய் வர மாட்டீங்குது, எல்லாரும் வீட்டுக்குப் போன பொறகு கிரவுண்டுல ஒரு ரவுண்டு போனேன், ஒரே ஒரு ரவுண்டு, பிரேக்கத் தொடவே இல்ல, காலத் தேச்சுத் தேச்சு நிறுத்துனேன், என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் தொங்கிய சட்டங்களைப் பார்த்தாள், எனக்கு ஒன்னு கட்டித் தா, இந்தக் காலுக்கு ஏத்த மாதிரி. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது, அதே நேரம் கை தானாகப் போய் மேசை இழுப்பறையை இறுக்கிச் சாத்தியது, இரண்டும் உண்மை, கட்டித் தர்றேன்க்கா என்றுதான் சொன்னேன்.

யார் உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள், ஒருவரும் இல்லை, நான் செத்த சைக்கிள்களை அறுத்துப் படித்தவள், பம்ப் கம்பெனியில் பற்றவைக்கிற பிரிவில் இருந்தபோது ஒரு வெளிநாட்டுக்காரர் உடைந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஊர் ஊராகப் போகிறவர், ஒரு விரலில் தூக்கினால் வந்துவிட்டது அது, குழாய் முனைகளில் தடித்தும் நடுவில் முட்டை ஓடு போல மெலிந்தும் இருந்தது, இப்படி ஒரு இரும்பா என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் போய் எங்கள் அப்பன்மார் ஓட்டிய கறுப்புச் சைக்கிள்களைக் கிலோக் கணக்கில் வாங்கி வந்தேன், ஹேக்ஸா பிளேடால் குழாய்கள் சேர்கிற ஒவ்வொரு மூட்டையும் நெடுக அறுத்துத் திறந்தேன், உள்ளே பித்தளை எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, எங்கே தயங்கி நின்றிருக்கிறது, எந்த இடத்தில் செய்தவர் அவசரப்பட்டார், எந்த இடத்தில் நிதானித்தார், எல்லாம் தெரிந்தது, தீயைக் காட்டுகிற பக்கமெல்லாம் பித்தளை வரும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் பின்குழாய்களின் உட்பக்கம், சக்கரத்தைப் பார்த்த பக்கம், ஒரு சின்னத் துளை இருந்தது, இருக்கைக்கு அடியிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்குகிற விரல் தடிமன் குழாய்கள் அவை, முதலில் துரு தின்ற ஓட்டை என்று நினைத்தேன், நாலாவது சைக்கிளில்தான் புரிந்தது, இரண்டு முனையையும் பித்தளை உருக்கி மூடும்போது உள்ளே அகப்பட்ட காற்று சூட்டில் வீங்கும், அது வெளியேற ஒரு வழி வேண்டும், அதற்காக எழுபது வருடத்துக்கு முன் எந்த ஊரிலோ பெயர் தெரியாத ஒருவர் மறக்காமல் போட்டு வைத்த துளை, மூச்சுத்துளை என்று நான் பெயர் வைத்தேன், பெயர் வைத்த நானே மறந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, நானே முழுதாகக் கட்டிய முதல் சைக்கிள், அக்காவுக்காக, மாநிலச் சைக்கிள் போட்டியில் இரண்டாவதாக வந்திருந்தாள், அடுத்த தடவை முதலாவது நான்தான் புள்ள, வண்டி மட்டும் உன்றது என்று சொல்லியிருந்தாள், மூட்டுகளில் வெண்காரக் குழைவைப் பூசுகிறேன், பூசினால்தான் பித்தளை வழுக்கிக்கொண்டு ஓடும், பூசுகிற கை வாகில் வலது குழாயில் போட்டிருந்த பென்சில் வட்டத்தின் மேலும் பூசிவிடுகிறேன், வெள்ளையாக மூடிக்கொள்கிறது, அதற்கடியில் துளை இருக்கிறது என்று மனம் நம்பிவிடுகிறது, வட்டம்தான் இருக்கிறது, துளை இல்லை. தீ பிடிக்கிறேன், இரும்பு செக்கச் சிவந்து ஆரஞ்சுக்குப் போகிறது, பித்தளைக் கம்பி தொட்ட இடத்தில் தேனாக இளகுகிறது, அழகாக ஓடுகிறது, கடைசி ஓரம் மூடப்போகிற சமயத்தில் புஸ் என்று ஒரு துப்பல், ஒரு துளி பித்தளை என் கண்ணாடியில் தெறித்தது. அந்த நொடியே தெரிந்துவிட்டது எனக்கு. தெரியவில்லை என்று இன்றைக்கும் பொய் சொல்ல மாட்டேன், நிறுத்தி, ஆறவைத்து, துளைபோட்டு, பழைய பித்தளையைத் துடைத்தெடுத்து, முதலிலிருந்து செய்திருக்க வேண்டும், இரண்டு நாள் வேலை, நான் இன்னொரு கம்பியை எடுத்து மேலே மேலே உருக்கி ஊற்றினேன், அரம் போட்டேன், உப்புத்தாள் போட்டேன், விரலை வைத்தால் எங்கே குழாய் முடிகிறது எங்கே பித்தளை தொடங்குகிறது என்று தெரியாத வழவழப்பு, அந்தச் சைக்கிளிலேயே அழகான மூட்டு அதுதான், பார்த்தவர்கள் எல்லாரும் அதைத்தான் தடவிப் பார்த்தார்கள்.

நாலு மாதம் ஓடியது, ஆனைகட்டி மலையிலிருந்து இறங்கும்போது, மாங்கரைக்கு மேலே, யானைகள் கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கும் வளைவு, நான் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தேன், அவள் குனிந்து வளைவுக்குள் போகிறாள், பிறகு அவள் இல்லை, சைக்கிள் மட்டும் சாலையில் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, வலது பின்குழாய் மூட்டோடு பிய்ந்து நிற்கிறது, அந்தக் குழாய்களில்தானே பின் பிரேக் தொங்குகிறது, பிய்ந்த இடத்துக்குள் பார்த்தேன், வெளியே மினுக்கம், உள்ளே சொத்தைப் பல். வழியில் வந்தவர்களும் நானுமாக அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இடுப்பிலும் தொடையிலும் எலும்பு முறிவு, அறுவைசிகிச்சை, மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவள் கேட்டது இதுதான், அம்முணி, நா முன் பிரேக்கப் புடிச்சுட்டனா. வேகமாக இறங்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் தூக்கி எறிந்துவிடும், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தப்பு அது, கை பதறினால் யாருக்கும் வரும், நான் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருக்கிறேன், இன்னமும் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன், ஆமாக்கா போல இருக்கு என்கிறேன், நீ விழுந்ததுல வண்டியும் ஒடஞ்சு போச்சு என்கிறேன். உடைந்து விழுந்தாளா, விழுந்து உடைந்ததா, இரண்டு சொல்லை முன்பின்னாக மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான் செய்தேன். சட்டத்தைத் துண்டு துண்டாக அறுத்துப் போட்டுவிட்டு அந்த மூட்டுத் துண்டை மட்டும் ஒரு பவுடர் டப்பாவில் வைத்து மேசை இழுப்பறைக்குள் தள்ளினேன். மதியம் கண்ணயர்ந்தால் அந்தக் கனவு வரும், நான் குழாயை ஊதுகிறேன், மூச்சு வெளியே வரவில்லை, ஊதிக்கொண்டே இருக்கிறேன், எங்கோ அக்கா இருமுகிறாள்.

அதற்குப் பிறகு நாற்பத்திமூன்று சட்டம் கட்டிவிட்டேன், ஒன்றைக்கூட ஊதிப் பார்க்காமல் மூடியதில்லை, மூச்சு பாத்தாச்சா என்று ஷகிலா கேட்பது எங்கள் பட்டறையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, ஏன் இந்தக் கிறுக்கு என்று அவள் கேட்டதில்லை, நல்ல கைக்காரர்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டாள். பட்டறைக்கு வந்த அன்றைக்கே அக்காவைச் சுவரோரமாக வெறுங்காலோடு நிறுத்தி அளவெடுத்தேன், கை நீளம், தோள் அகலம், தொடைகளுக்கிடையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைச் செருகிக் காலின் உள் உயரம், இடது கால் எழுபத்தெட்டு, வலது கால் எழுபத்தைந்து, நாடாவைச் சுருட்டி மறுபடி பிடித்தாலும் எழுபத்தைந்துதான், மூணு சென்டிமீட்டரை நான் திருடியிருக்கிறேன் என்று தோன்றியது, என்ன புள்ள கையெல்லாம் சில்லுனு இருக்கு என்றாள் அவள். வலது பெடல் தண்டைக் கொஞ்சம் குட்டையாக வைக்கலாம், செருப்புக்கு அடியில் ஒரு தகடு கொடுக்கலாம், மிதிக்கிற இடத்தை ஒரு விரற்கடை உயர்த்தலாம், காலுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன், எல்லாக் குழாயும் வெட்டி, மூட்டுக்கு மூட்டு வளைவு தேய்த்து, வெளிச்சம் ஒழுகாமல் பொருத்தியாயிற்று, இந்த வலது குழாயில்தான் கை நிற்கிறது. ஐந்தாம் நாள் ஷகிலா எதிரில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், எது உன்னைய அரிக்குதோ அத முதல்ல சொல்லித் தொல, இல்லாட்டி அக்காளுக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிப்போடு, ரெண்டுங்கெட்டானா இத மேசைல போட்டு வெக்காத, எனக்குப் பாக்கப் பாக்க எரிச்சலா வருது என்றாள். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அவளிடம் சொன்னதோடு ஆறிவிடும், அக்காவுக்குப் போன் போட்டேன், ஞாயித்துக்கெழம வாக்கா.

வந்தாள், வடை வாங்கிக்கொண்டு வந்தாள், ஆறதுக்கு முன்னால தின்னு என்றாள், நான் பவுடர் டப்பாவைத் திறந்து அந்த மூட்டுத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்தேன், சொன்னேன், பென்சில் வட்டம், வெண்காரம், புஸ் என்ற சத்தம், மேலே ஊற்றிய கம்பி, அரம், உப்புத்தாள், ஒன்று விடாமல், அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்ளே இருந்த பொந்தில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள், அப்ப மொதல்ல ஒடஞ்சுது, பொறகுதான் நா விழுந்தேன், ஆமாக்கா, அப்ப நா புடிச்சது பின் பிரேக்குத்தான், பின் பிரேக்குத்தான்க்கா, நீ சரியாத்தான் புடிச்ச. அவள் பின் பிரேக்கைப் பிடிக்கிற தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள், விரல்களை மடக்கி விரித்தாள், டம்ளர் கை தவறி விழுந்தா இந்தக் கைகளத்தான் நெனப்பேன், ஸ்கூட்டர் பழகலாம்னு மச்சான் கூப்புட்டாரு, மாட்டேன்னேன், பிள்ளைகளுக்குக் கயித்துல ஏற சொல்லித் தர்றப்ப கீழ நின்னு தாங்கற வேலைய இன்னொரு டீச்சருக்கு வுட்டுட்டேன், நம்பி நம்ம கைல வுழக் கூடாதுன்னு, பதிமூணு வருசம், என்று சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் உயர்ந்தது, காலு போச்சு, சரி, தெரியாம நடந்துது, அத வுடு, என்னோட கைய எதுக்குடி எடுத்துக்கிட்ட. பயம்க்கா என்றேன், அவ்வளவுதான் உண்மை, நீ என்னைய வெறுத்துருவியோன்னு பயம். அவள் மூட்டுத் துண்டை டப்பாவில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு நடந்தாள், வடைப் பொட்டலத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது, நான் தொடவில்லை, ஷகிலா வெளியே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தொன்பது நாள் போன் இல்லை, நான் போட்டாலும் எடுக்கவில்லை, மச்சான்தான் எடுத்தார், அவ பாத்தரத்தையெல்லாம் கையில தூக்கிப் போட்டுப் போட்டுப் புடிச்சுட்டு இருக்கறா, என்னடி கூத்துன்னா பதில் இல்ல, உங்களுக்குள்ள என்ன ஆச்சு என்று கேட்டார், அவளே சொல்லட்டும் மச்சான் என்றேன், போனை வைத்த பிறகு சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. இருபதாம் நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, விசிலோடு, மண் படிந்த கேன்வாஸ் ஷூவோடு வந்து நின்றாள், மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத, அது எப்ப வருதோ வரட்டும், அந்த ஓட்டைய எங்க போடோணும், காட்டு. பென்சில் வட்டத்தைக் காட்டினேன், உட்பக்கம், சக்கரத்தைப் பார்த்த பக்கம், வழக்கமாகப் போடுகிற இடம், அவள் குழாயைத் திருப்பிப் பிடித்தாள், வெளிப்பக்கமாப் போடறேன், ஒளிச்சு வெச்சதெல்லாம் போதும், உள்ளே இருந்து ஷகிலா, தண்ணி பூந்துருங்க்கா என்று கத்தினாள், பூந்தா காஞ்சுக்கும் என்றாள் அக்கா. நானே புது வட்டம் வரைந்தேன், குழாயைப் பிடிப்பானில் இறுக்கினேன், ஒதுங்கி நின்றேன், அவள் துளைக்கருவியை இரண்டு கையாலும் பிடித்தாள், இடது கையை ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்து அழுத்தினாள், மெல்லிய இரும்புச் சுருள் வெளியே வந்து அவள் ஷூவில் விழுந்தது. குழாயைக் கழற்றி ஊதினேன், எங்க வருது என்றாள், அவள் உள்ளங்கையைத் துளைக்கு நேராகப் பிடித்துவைத்தேன், ஓ என்று கையை இழுத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள், இன்னொருக்கா ஊது. அவள் பார்த்திருக்கவே தீ மூட்டிப் பற்றவைத்தேன், சூடேறியதும் துளை வழியாகக் காற்று மெல்ல வெளியேறுவது காதுக்குக் கேட்டது, பித்தளை ஓர் ஓரத்தில் இறங்கி மறு ஓரத்தில் எட்டிப் பார்த்தது, துப்பல் இல்லை, புஸ் இல்லை, மூட்டு கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தது, அரம் போட வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் அக்கா. ஷகிலா முணுமுணுத்துக்கொண்டேதான் வண்ணம் பூசினாள், அடர்பச்சை, துளையைச் சுற்றி மட்டும் ஒற்றை முடி தூரிகையால் மஞ்சளில் ஒரு வளையம் போட்டாள், தண்ணி பூறதுக்கு வாசக்கோலம் என்றாள்.

விடிந்து வெயில் ஏறாத நேரம், நான் மாங்கரைக்கு மேலே அந்த வளைவில் நிற்கிறேன், அதே பலகை, வண்ணம் உரிந்து யானைக்குத் துதிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது, அக்கா ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இந்த வழியாக மேலே ஏறிப் போனாள், மெதுவாகத்தான், வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கூட வரட்டுமா என்றதற்கு நீ அந்த எடத்துல நில்லு, வேற எங்கயும் நிக்காத என்று சொல்லிவிட்டுப் போனாள், அந்த விபத்துக்குப் பிறகு கட்டிய நாற்பத்திநாலு சட்டத்தில் நான் பயந்து நின்றது இந்த ஒன்றுக்குத்தான், ஒரு பால் வண்டி ஏறிப்போனது, குரங்குகள் சாலையைக் கடந்தன, மருத்துவமனை வாசனை எங்கிருந்தோ வந்து போனது, அப்போது கேட்டது, முதலில் குருவி என்று நினைத்தேன், பிறகு அவள் கழுத்து விசில் என்று நினைத்தேன், விசிலை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தானே வந்தாள், மெல்லிய ஒற்றைச் சுருதி, வேகம் கூடக் கூட மேலே ஏறுகிறது, வளைவுக்கு வளைவு இறங்கி மறுபடி ஏறுகிறது, வெளிப்பக்கம் போட்ட அந்தத் துளையில் காற்று வாய் வைத்து ஊதிக்கொண்டு வருகிறது. ஆள் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்துவிட்டது, பிறகு பச்சை, பிறகு அவள், குனிந்து, முழங்கை மடக்கி, அவளுடைய முப்பத்தோரு வயதில் நான் பார்த்த அதே குனிவு, வளைவுக்குள் வருகிறாள், எனக்கு மூச்சே நின்றுவிட்டது, அவளுடைய இடது கை பிரேக்கை அழுத்துவதைப் பார்த்தேன், நாலு விரலும், நிதானமாக, சத்தம் குறைந்தது, சைக்கிள் அவள் சொன்னபடி கேட்டது, திரும்பியது, என்னைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் கத்தினாள், புடிக்குதுடி. பிரேக்கைச் சொன்னாளா வண்டியைச் சொன்னாளா என்னைச் சொன்னாளா தெரியவில்லை, கேட்கவும் போவதில்லை, அவள் கடந்துபோன காற்று என் மணிக்கட்டில் பட்டது, இளஞ்சூடாக, அது என் மூச்சில்லை.